டிரைவும் சர்வரும் ஒரே பட்டியலில்: ஃபைல் மேனேஜர் வடிவமைக்க வருவோருக்கு

டெஸ்க்டாப் மென்பொருள் குழுவில் இளம் வடிவமைப்பாளராகச் சேர்கிறவர் கைக்கு இப்படி ஒரு வேலை வரலாம். “ஃபைல் மேனேஜரோட சைடுபார் குழப்பமா இருக்கு. ஹார்டு டிஸ்க், பென்டிரைவ், சர்வர் எல்லாம் கலந்து கிடக்கு. கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் குடுங்க.” கேட்க இரண்டு நாள் வேலை போலத் தோன்றும். நான்கு தலைப்பு, பத்து ஐகான், கொஞ்சம் இடைவெளி போட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். இறங்கிப் பார்த்தால் கதை வேறு. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் பயனருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: கிளிக் செய்தால் திறக்கும், காக்க வைக்காது, பிடுங்கினால் எதுவும் அழியாது. அந்த வாக்கு எங்கெங்கே பொய்த்துப்போகும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். ஐகான் வரைவது அதில் ஒரு சின்னப் பங்கு.

முதலில் உள்ளே திறந்து பாருங்கள்

வரைபடக் கருவியைத் திறப்பதற்கு முன், லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். க்னோம் டெஸ்க்டாப்புக்கு 2008இல் 2.22 பதிப்போடு ஜிவிஎஃப்எஸ் என்ற அடித்தளம் வந்தது. சேமிப்பகத்தை அது மூன்று அடுக்காகப் பார்க்கிறது. வன்பொருள் என்பது டிரைவ். அதற்குள் ஃபைல் வைக்கத் தோதான பகுதி வால்யூம். அந்தப் பகுதி திறக்கப்பட்டு, ஃபைல்கள் கைக்கு எட்டும் நிலைக்கு வந்துவிட்டால் அது மவுண்ட்.

மூன்றும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். கார்டு செருகாத கார்டு ரீடரில் டிரைவ் மட்டும்தான் உண்டு, வால்யூம் இல்லை. விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்ட லேப்டாப்பில் இன்னும் திறக்காத விண்டோஸ் பகுதிக்கு வால்யூம் உண்டு, மவுண்ட் இல்லை. அலுவலக சர்வருக்கு எஸ்எஃப்டிபி வழியாகப் போய் இணைந்தால் மவுண்ட் மட்டும் இருக்கும், அதற்கு மேலே டிரைவ் என்று ஒன்று கிடையாது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பென்டிரைவில் பூட்டிய வால்யூம் ஒன்று இருக்கும். பூட்டைத் திறந்ததும் அதற்குள்ளிருந்து இன்னொன்று வெளிவரும்.

பயனருக்கு இந்த மூன்று அடுக்கும் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் திரையில் வரும் விசித்திரங்களில் பெரும்பாலானவை இந்தச் சேர்க்கைகளில் எதையாவது யாரோ மறந்ததால் வந்தவை. உங்கள் குழுவின் டெவலப்பரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பொருளையும் செருகும்போதும் பிடுங்கும்போதும் அமைப்பு என்ன அறிவிக்கிறது என்று டெர்மினலில் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு பெரிய தாளில் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் பொருள்கள்: உள் டிஸ்க், பென்டிரைவ், கேமரா கார்டு, போன், சர்வர் ஷேர். மேலே நிலைகள்: காணோம், இருக்கிறது ஆனால் திறக்கவில்லை, திறந்துகொண்டிருக்கிறது, திறந்திருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கிறது, பிடுங்கலாம், பதில் வரவில்லை, அனுமதி இல்லை. எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லையோ, அங்கேதான் உங்கள் வடிவமைப்பு தொடங்குகிறது.

தூரத்தையும் பக்கத்தையும் ஒரே அறையில் போடாதீர்கள்

2015இல் வந்த க்னோம் 3.18இல் ஒரு மாற்றம் செய்தார்கள். சைடுபார் நீண்டுகொண்டே போனதால், உள் டிஸ்குகளையும் நெட்வொர்க்கையும் எடுத்து ‘மற்ற இடங்கள்’ என்ற ஒரே பக்கத்துக்குள் வைத்தார்கள். சைடுபார் பார்க்க அழகானது. ஆனால் லேப்டாப்பின் வயிற்றுக்குள் இருக்கும் இரண்டாவது டிஸ்கும், வேறு ஊரில் இருக்கும் சர்வரும் ஒரே பக்கத்தில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தன. ஒன்று கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும். மற்றொன்று திறக்குமா என்பதே கிளிக் செய்த பிறகுதான் தெரியும். 2024இல் வந்த க்னோம் 47இல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, உள் டிஸ்குகளைச் சைடுபாருக்கே திருப்பிக் கொண்டுவந்து, நெட்வொர்க்குக்குத் தனி இடம் கொடுத்தார்கள். அந்தத் தனி இடத்திலும் இணைந்திருப்பவை, முன்பு இணைந்தவை, இப்போது நெட்வொர்க்கில் கிடைப்பவை என்று பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிப்பு சரியானது என்பது என் தீர்மானமான கருத்து. பயனர் நெறிமுறையின் பெயரைத் தேடி வருவதில்லை. நேற்றுத் திறந்த அதே ஃபோல்டரைத் தேடி வருகிறார்.

கேடிஇ டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான டால்ஃபின் வேறு வழியில் போகிறது. அதன் இடங்கள் பலகத்தில் சாதனங்களும், கழற்றக்கூடிய சாதனங்களும், தொலை இடங்களும் தனித்தனித் தலைப்பில் வருகின்றன. பட்டியல் நீளம்தான், ஆனால் எதையும் தேட வேண்டியதில்லை. ஒழுங்கையும் சுருக்கத்தையும் ஒன்றென்று நினைக்கும் மேலாளர் வாய்த்தால், இந்த இரண்டையும் அருகருகே திறந்து காட்டி வாதாடுங்கள்.

விண்டோஸின் டிரைவ் எழுத்துகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சிபி/எம் காலத்தில் தொடங்கி எம்எஸ்-டாஸ் வழியாக வந்த பழக்கம் அது. ஏவும் பியும் ஃபிளாப்பிக்குப் போனதால் ஹார்டு டிஸ்குக்கு சி கிடைத்தது. ஃபிளாப்பி மறைந்து வெகுகாலம் ஆகியும் சி நகரவில்லை. அலுவலகங்களில் சர்வர் ஷேருக்கும் ஒரு எழுத்தைக் கொடுத்து, “எச் டிரைவ்ல போடுங்க” என்று பேசிப் பழகிவிட்டார்கள். எச் டிரைவ் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை, லைன் அறுந்துபோகும் நாள் வரை.

காத்திருக்கும் நேரத்தை வடிவமையுங்கள்

சர்வர் விஷயத்தில் திரைக்கு அழகூட்டுவதைவிட நேரத்தைக் கையாள்வது முக்கியம். பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய நூலில் மூன்று எல்லைகளைச் சொல்கிறார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை எண்ணவோட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். இதோடு இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். பதிலே தராத ஒரு முகவரிக்கு லினக்ஸ் தன் இயல்பான அமைப்பில் இணைய முயன்றால், கைவிடுவதற்கு சுமார் 127 விநாடி ஆகிறது. இரண்டு நிமிடத்துக்கும் மேல். நீங்கள் எதுவும் செய்யாமல் விட்டால், பயனர் பார்க்கப்போவது அந்த 127 விநாடியைத்தான்.

ஆகவே சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். கிளிக் செய்த வரியிலேயே சுழலும் குறி உடனே வரவேண்டும். அதன் பக்கத்திலேயே நிறுத்தும் பொத்தான் இருக்கவேண்டும், அதை அழுத்தினால் உண்மையிலேயே நிற்க வேண்டும். ஒரு சர்வர் தூங்கினால் மற்ற வரிகள் உறையக்கூடாது. காலி இடத்தைக் காட்டும் பட்டையை சர்வர் வரிகளுக்கும் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பட்டையை வரைய சர்வரிடம் கேள்வி கேட்டாக வேண்டும். பயனர் ஃபைல் மேனேஜரைத் திறந்தது டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு படத்தைப் பார்க்க; எங்கோ அணைந்து கிடக்கும் சர்வருக்காக ஜன்னல் உறைந்து நின்றால் அது அநியாயம். பயனர் கேட்காமல் தூரத்து மெஷினிடம் எதையும் கேட்காதீர்கள்.

இன்னொன்று, வெறுமையான பட்டியல். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய எஸ்எம்பி 1 நெறிமுறை புதிய நிறுவல்களில் இயல்பாக வருவதில்லை. அந்த ஆண்டு மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான், ஆகவே முடிவு சரியே. ஆனால் நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடும் பழைய ஏற்பாடும் அதையே நம்பியிருந்தது. பல அலுவலகங்களில் பட்டியல் காலியானது. சர்வர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன, முகவரியை அடித்தால் திறந்தன. காலியான அந்தத் திரையில் ‘எதுவும் இல்லை’ என்று மட்டும் எழுதினால் அது பொய். ‘இங்கே தானாகத் தெரியவில்லை, முகவரி தெரிந்தால் அடியுங்கள்’ என்று எழுதி, அடிக்கும் பெட்டியை அதே திரையில் வையுங்கள். அலுவலக மின்னஞ்சலில் வந்த முகவரி விண்டோஸ் பாணியில் இரட்டைப் பின்சாய்கோட்டோடு இருக்கும், லினக்ஸ்காரர் அனுப்பியதாக இருந்தால் எஸ்எம்பி என்று தொடங்கி முன்சாய்கோட்டோடு இருக்கும். ஒட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லி டெவலப்பரிடம் அடம்பிடியுங்கள்.

பிடுங்கும் கணம்

இந்த வேலையில் உங்கள் நேரத்தில் பாதியை எதற்கேனும் ஒதுக்க வேண்டுமென்றால் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு மனிதர் உங்கள் மென்பொருளை நம்பித் தன் பொருளை இழப்பது இங்கேதான்.

ஸ்டுடியோவில் திருமணப் படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ள ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். ஏற்றுகிறவர் நகலெடுக்கிறார், பட்டை நிறைகிறது, ‘முடிந்தது’ என்கிறது. அவர் பிடுங்கிக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கடைசி நூறு படம் திறக்கவில்லை. என்ன நடந்தது? லினக்ஸில் எழுதவேண்டிய தரவு முதலில் நினைவகத்தில் சேர்கிறது. காலியாக உள்ள நினைவகத்தில் 20 சதவீதம் வரை இப்படித் தேங்க, இயல்பான அமைப்பு இடம் கொடுக்கிறது. 8 ஜிபி நினைவகம் உள்ள மெஷினில் அது ஒரு ஜிபியை எட்டிவிடலாம். விநாடிக்கு 8 எம்பி எழுதும் மலிவான பென்டிரைவுக்கு அந்த ஒரு ஜிபியை உள்ளே தள்ள இரண்டு நிமிடம் பிடிக்கும். பட்டை சொன்ன ‘முடிந்தது’, நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைத்தான் குறித்தது.

மைக்ரோசாஃப்ட் இதற்கு வேறு தீர்வு தேடியது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் டிரைவ்களுக்கு ‘விரைந்து கழற்றல்’ இயல்பான கொள்கையானது. எழுதுவதைத் தேக்கிவைக்காமல் அவ்வப்போதே எழுதிவிடுகிறது. வேகம் கொஞ்சம் குறையும், ஆபத்தும் குறையும். அடித்தளத்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லாவிட்டாலும், சைடுபார் வரியில் செய்ய நிறைய இருக்கிறது. எழுதி முடியாதவரை அந்த வரி ஓய்வாக இருப்பதுபோலத் தெரியக்கூடாது. வெளியேற்றும் குறியை அழுத்தியதும் ‘இன்னும் எழுதுகிறது, பிடுங்காதீர்கள்’ என்று வரவேண்டும், முடிந்ததும் ‘இப்போது எடுக்கலாம்’ என்று வரவேண்டும். முதல் செய்தியைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடும் வடிவமைப்புகள் உண்டு. பயனர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

வெளியேற்ற முடியாதபோது ‘டிரைவ் பயன்பாட்டில் உள்ளது’ என்று நிறுத்திக்கொள்வது கதவைச் சாத்துவதற்குச் சமம். எந்த மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அமைப்புக்குத் தெரியும். க்னோமின் ஜிஐஓ என்ற நிரலகம் அந்தப் பட்டியலைத் தரவே தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. வாங்கிப் பெயரோடு காட்டுங்கள். ஒரே வெளி டிஸ்கில் இரண்டு பகுதி இருந்து, பயனர் ஒன்றை வெளியேற்றினால், கேபிளைப் பிடுங்குவதுதான் அவர் நோக்கம். இரண்டும் போகப்போகிறது என்பதை அந்த இரண்டு வரிகளிலும் காட்டவேண்டும். பழைய மேக்கில் டிஸ்கைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தால் வெளியேறும். அழிந்துவிடுமோ என்று பலரும் பயந்தார்கள். பிறகு மேக் ஓஎஸ் டென் வந்தபோது, டிஸ்கை இழுக்கத் தொடங்கியதும் தொட்டியின் படமே வெளியேற்றும் குறியாக மாறியது. பயத்தை மதித்துச் செய்த திருத்தம் அது.

பெயரும் அளவும்

ஒரே நிறுவனத்தின் இரண்டு பென்டிரைவ், தொழிற்சாலையில் வைத்த ஒரே பெயரோடு வந்து நிற்கும். பெயருக்குக் கீழே அளவைக் காட்டுங்கள். பெயரே இல்லாவிட்டால் தயாரிப்பாளர் பெயரையும் அளவையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் பெயர் வைக்க விரும்புகிறவருக்கு என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் வால்யூம் பெயருக்கு 16 பைட் இடம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ‘அம்மா’ என்பதில் மெய்ப்புள்ளியும் துணைக்காலும் சேர்த்து 5 குறியீடு, மொத்தம் 15 பைட், மயிரிழையில் பொருந்தும். அதற்கு மேல் ஓர் எழுத்துக்கும் இடமில்லை. எக்ஸ்ஃபேட்டில் 11 குறியீடு வரை போகலாம், என்டிஎஃப்எஸ்ஸில் 32. ‘திருமணப் படங்கள்’ 16 குறியீடு, ஆகவே என்டிஎஃப்எஸ் ஏற்கும், எக்ஸ்ஃபேட் ஏற்காது. பழைய ஃபேட்டில் பெயரே 11 பைட்தான், தமிழுக்கு அங்கே வழியில்லை. பெயர் மாற்றும் பெட்டியில் இந்த எல்லையைத் தட்டச்சும்போதே சொல்லுங்கள். ‘பிழை’ என்று கடைசியில் சொன்னால், தன் மொழியில் எழுதியதுதான் தப்போ என்று அந்த மனிதர் நினைப்பார். அப்படி ஒருவரை நினைக்க வைக்க நமக்கு உரிமை இல்லை.

நீளமான சர்வர் பெயரைச் சுருக்கும்போது நடுவில் வெட்டுங்கள். ‘கணக்கு-தலைமை-மதுரை’, ‘கணக்கு-தலைமை-சேலம்’ இரண்டையும் வால்பக்கம் வெட்டினால் ஒன்றுபோலாகிவிடும்.

அளவில் ஒரு சண்டை காத்திருக்கிறது. 1 டிபி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் டிஸ்கை விண்டோஸ் 931 ஜிபி என்கிறது, ஏனென்றால் அது 1024ஆல் வகுக்கிறது. மேக் 2009இன் ஸ்னோ லெபர்ட் பதிப்பிலிருந்து 1000ஆல் வகுக்கிறது, க்னோமும் அப்படியே. எது சரி என்று விவாதித்துப் பொழுதைக் கழிக்காதீர்கள். உங்கள் டெஸ்க்டாப்பின் எல்லாச் செயலிகளும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

எதை மறைப்பது

கணினி தொடங்கத் தேவைப்படும் இஎஃப்ஐ பகுதி, விண்டோஸ் மீட்புப் பகுதி, ஸ்னாப் செயலிகள் ஒவ்வொன்றும் உருவாக்கும் போலி டிஸ்குகள் எல்லாம் பட்டியலில் வந்தால் பயனர் மிரண்டுவிடுவார். மறையுங்கள். ஆனால் பகுதியின் வகையைப் பார்த்து மறைக்க வேண்டும். ‘சின்னதாக இருந்தால் மறை’ என்று விதி போட்டால், யாருடைய பழைய 512 எம்பி கார்டோ காணாமல் போகும். நிர்வாகி விரும்பினால் திரும்பக் காட்டவும் வழி வையுங்கள்.

திறக்க மறுக்கும் பகுதியை மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள். விண்டோஸ் 8 முதல் ‘விரைவுத் தொடக்கம்’ என்ற வசதி, மெஷினை அணைத்தாலும் அதன் என்டிஎஃப்எஸ் பகுதியைப் பாதி உறக்கத்தில் விட்டுவைக்கிறது. லினக்ஸில் போய்த் திறந்தால் எழுத விடாது, சில சமயம் திறக்கவே மறுக்கும். கல்லூரி மாணவர்களின் லேப்டாப்களில் இது சர்வசாதாரணம். ‘மவுண்ட் செய்ய இயலவில்லை’ என்ற செய்தி அவர்களுக்கு எதையும் சொல்வதில்லை. ‘விண்டோஸ் முழுதாக அணைக்கப்படவில்லை. விண்டோஸைத் திறந்து, ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் செய்து வாருங்கள்’ என்று சொல்லுங்கள். இரண்டு வாக்கியத்தில் ஒருவரின் மாலைப்பொழுது மிச்சமாகும்.

வேலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது

சோதனைக்கு நல்ல மெஷினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆடும் யூஎஸ்பி போர்ட், எழுதவிடாத பூட்டு போட்ட எஸ்டி கார்டு, நிரம்பி வழியும் டிஸ்க், நகலெடுக்கும் நடுவில் பிடுங்கிய லேன் கேபிள், அலுவலகத்தில் மூடி வீட்டில் திறந்த லேப்டாப் ஆகியவற்றை வைத்து ஆட்களை உட்கார வையுங்கள். பேசாமல் பக்கத்தில் இருங்கள். கை எங்கே தயங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழகிய கைகளை மாற்றும்போது எதிர்ப்பு வரும். 2004இல் க்னோம் 2.6, ஒவ்வொரு ஃபோல்டரையும் தனி ஜன்னலில் திறப்பதை இயல்பாக்கியது. எதிர்ப்பு ஓயவேயில்லை. 2010இல் 2.30 பதிப்பில் பழைய முறைக்குத் திரும்பினார்கள். ஆகவே எதை ஏன் நகர்த்தினீர்கள், பழைய இடத்தில் தேடுகிறவர் எங்கே வந்து சேர்வார் என்பதை வெளியீட்டுக் குறிப்பில் நீங்களே எழுதுங்கள். அதை வேறு யாரிடமும் விடாதீர்கள்.

இந்தத் திறமைக்கு டெஸ்க்டாப் குழுக்களோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சினாலஜி, கியூநாப் போன்ற சேமிப்பகப் பெட்டி செய்பவர்களுக்கும், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்புக்காரர்களுக்கும் இதே கேள்விகள்தாம். ஒன்டிரைவில் மேகக் குறி போட்ட ஃபைல் இணையத்தில் மட்டும் இருக்கிறது, பச்சைக் குறி போட்டது உங்கள் மெஷினிலும் இருக்கிறது. ‘பக்கத்தில் இருக்கிறதா’ என்ற பழைய கேள்வி டிஸ்கிலிருந்து ஒவ்வொரு ஃபைலுக்கும் இறங்கி வந்திருக்கிறது.

அனுபவம் இல்லாமல் நுழைய வழி தேடுகிறீர்களா? க்னோமும் கேடிஇயும் தங்கள் குறைப்பட்டியலையும் வடிவமைப்பு விவாதங்களையும் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. க்னோமில் தொடங்கி வளர்ந்த அவுட்ரீச்சி என்ற திட்டம் ஊதியத்தோடு பயிற்சி தருகிறது. 2005இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களையும் சேர்க்கிறது, ஆனால் அது நிரல் எழுதுபவர்களுக்கு. ஒரு குறையை எடுத்து, உங்கள் மெஷினில் அது நடப்பதைக் காட்டி, எந்த நிலை விட்டுப்போயிருக்கிறது என்று நாலு வரியில் எழுதிப் போடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தவரைக் குழுவில் யாரும் புதியவராக நடத்துவதில்லை.

போர்ட்ஃபோலியோவில் இருபது பளபளப்பான திரைகளை அடுக்காதீர்கள். அந்த நிலை அட்டவணையையும், அதில் ஒரே ஒரு கட்டத்துக்கு நீங்கள் எழுதிய செய்தியின் மூன்று வடிவங்களையும், முதலிரண்டை ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் வையுங்கள். நேர்காணலில் “பென்டிரைவை வெளியேற்றும் திரையை வரைந்து காட்டுங்கள்” என்றால் பேனாவை எடுப்பதற்கு முன் கேளுங்கள்: “எழுதி முடிந்துவிட்டதா, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா? வேறு செயலி எதுவும் பிடித்துவைத்திருக்கிறதா? அதே டிஸ்கில் இன்னொரு பகுதி இருக்கிறதா?”